மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்

1

போன சனிக்கிழமை கடைக்குக் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில், கூடத்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். டிவி, மோடம், சார்ஜர், ஒன்றையும் விடவில்லை. காரில் காத்திருந்த என் மகள் யாழினி, நான் ஏறி உட்கார்ந்ததும், "பாட்டி மாதிரி பண்ணாதம்மா," என்றாள்.

தமிழில் சொன்னாள். அவள் என்னிடம் தமிழில் பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று பொருள். அன்று இரண்டும் இல்லை. தெருமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நடந்ததை ஊருக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

மெல்போர்னில் யாரும் மெயினை அணைப்பதில்லை. அது வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் வெளியூர் போனாலும் வீடு தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். நம் பக்கம் அப்படியா? கல்யாணத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் அடுப்பு, குழாய், தோட்டத்துக் கதவு, மெயின் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் பூட்டைத் தொடுவோம். கடப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். அங்கே யார் வீட்டிலோ ஒயர் கருகி வைக்கோல் போர் எரிந்ததிலிருந்து, மெயினை அணைக்காமல் வெளியே போவது அம்மாவுக்குத் தெய்வக் குற்றம். பிரிட்ஜில் இருக்கிற மாவு புளித்தாலும் புளிக்கட்டும் என்பாள்.

2

என் அப்பாவைக் கடப்பாக்கம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளைத் தெரியாவிட்டாலும் குரலைத் தெரிந்திருக்கும். செங்கல்பட்டு–மாமல்லபுரம் தடத்தில் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைக் குரலாலேயே பின்னுக்குத் தள்ளுவார். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் வீட்டில் அம்மாதான் அவதிப்பட்டாள். அப்புறம் கடப்பாக்கத்தில் சித்திரையில் நடக்கிற கபடிப் போட்டிக்கு வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். எங்கள் வட்டாரத்துக் கேபிளில் அது நேரடியாக வரும்.

அப்பாவின் வர்ணனை இலக்கணத்துக்கு அடங்காதது. பாடிக்கொண்டு போகிறவன் கோட்டருகே தயங்கினால், "படில தொங்காத நைனா, உள்ள போ, உள்ள எடம் கீது," என்பார். மடக்கிப் பிடித்துவிட்டால், "வண்டி டெப்போவுக்குப் போச்சு, எறங்கு." தப்பித்து வந்துவிட்டால், "போலாம் ரைட்." இந்த ஒரு சொல்லுக்காகக் கூட்டம் காத்திருக்கும்.

இதில் ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. சித்திரையில் எனக்கு லீவு கிடைக்காது. கேபிள்காரரிடம் பதிவு கேட்டால், "ஓடறத ஓட்றோம், அத்தோட செரிக்கா," என்றார். இணையத்தில் ஏற்றினால் நடுவில் போடும் பாட்டுக்காகத் தடை வருகிறதாம். என் தம்பி பாபு மைதானத்திலிருந்து போனில் எடுத்து அனுப்புவான். அதில் விசில் சத்தமும், "தள்ளி நில்லு மச்சான்" என்ற யாரோ ஒருவரின் குரலும்தான் கேட்கும்.

அதனால் போன ஜனவரியில் ஊருக்கு வந்தபோது, டிவி நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவு செய்கிற ஒரு கணினியை எங்கள் வீட்டிலேயே கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் கணினிக்காரி அல்ல, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஆனால் பிடிவாதத்துக்குப் பட்டம் தேவையில்லை. கேபிள் டிவியின் படத்தைக் கணினிக்குள் இழுக்கும் கார்டை இங்கிருந்து வாங்கிப்போனேன். மற்றதெல்லாம் செங்கல்பட்டில் ஒரு கடையில். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டு, "எல்லாம் போன்லயே வருதேக்கா, இதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு?" என்று கேட்டார். எங்கப்பா போனில் வருவதில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கூடத்துத் தரையில் பாய் விரித்து, யாழினி டார்ச் பிடிக்க, அதைக் கட்டினேன். கேபிள் பெட்டியிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களைக் கார்டில் செருகினேன். நான் மெல்போர்னிலிருந்து சொன்னால் சேனலை மாற்ற, ரிமோட்டின் வேலையைச் செய்யும் ஒரு சின்னக் கண்ணைக் கேபிள் பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன். கரண்ட் போனால் கணினியும் கேபிள் பெட்டியும் நெட்டும் கொஞ்ச நேரம் பேட்டரியில் தாங்க ஒரு யுபிஎஸ். வீடியோ காலில் அப்பா அம்மாவைப் பார்க்க, மைக்கோடு கூடிய ஒரு கேமராவையும் டிவி மேல் வைத்தேன். எல்லாம் முடிந்ததும் அம்மா அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, பூப்போட்ட உறை தைத்துப் போர்த்திவிட்டாள். சூடாகி வெடிக்கும் என்று நான் கத்திய பிறகு உறை போயிற்று, குங்குமம் தங்கியது.

அப்பா இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது போல ஒரு கரகரப்பு. கத்திக் கத்தி வந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

3

மார்ச்சில் தெரிந்தது. குரல்வளையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பேச்சு இருக்காது, தள்ளிப்போடக் கூடாது என்று செங்கல்பட்டில் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா நாள் பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை. கபடி முடிந்த மறுநாள் வந்து படுத்துக்கொள்கிறேன் என்றாராம். "ஒரே ஒரு ட்ரிப்பு டாக்டர். அத்த முடிச்சிட்டு வண்டிய வுட்டுர்றேன்." டாக்டர் திட்டியிருக்கிறார், பாபு காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். அப்பா அசையவில்லை.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. என் பழைய விசா முடிந்து, புதியது வரும் வரைக்கும் ஒரு இடைக்கால விசாவில் இருக்கிறேன். அந்த விசாவோடு நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. போய்வரத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டுத் தினமும் போன் செய்தேன். ஒரு நாள் பதற்றத்தில், அப்பாவுக்குத் தொண்டை போகப்போகிறது என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மிக மரியாதையாக, அது எங்கே போகப்போகிறது என்று கேட்டார். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆக, எனக்கு மிஞ்சியது அந்தப் பெட்டிதான்.

4

ஜனவரியிலிருந்து அதைச் சோதித்துக்கொண்டேதான் இருந்தேன். தினமும் சாயங்காலம் அம்மா பார்க்கும் தொடரைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். மதிய உணவு நேரத்தில், வேலை செய்கிற இடத்திலிருந்து, சத்தம் வைக்காமல் படத்தை மட்டும் ஓட்டிப்பார்ப்பேன். படம் பளிச்சென்று இருந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் முதல் முறையாகச் சத்தத்தோடு வைத்தேன். திரையில் பட்டுப்புடவை கட்டிய பெண் வாயைத் திறந்து கதறுகிறாள், அவள் குரல் எங்கோ அடியில் முனகுகிறது, மேலாகக் கேட்பதோ தட்டில் கரண்டி படும் ஓசையும் அப்பாவின் இருமலும். அமைப்பைத் திறந்து பார்த்தேன். கார்டில் வரும் சத்தத்தை எடுப்பதற்குப் பதில், டிவி மேலிருந்த கேமராவின் மைக்கை எடுக்கும்படி அமைத்திருக்கிறேன். இத்தனை நாளும் டிவி படத்தோடு எங்கள் கூடத்துச் சத்தம் பதிவாகியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அப்பாவின் கடைசி வர்ணனைக்குப் பதில் காலி வீட்டுப் பல்லிச் சத்தம் அல்லவா கிடைத்திருக்கும்?

சரிசெய்தேன். புதிதாக ஒன்று பதிவு செய்து கேட்டேன், தொடர்க்காரி சொந்தக் குரலில் அழுதாள். தினசரித் தொடர்ப் பதிவை அத்தோடு நிறுத்தினேன். ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. கபடி முடியும் வரைக்கும் ஓட வேண்டுமே என்று, புதிய பதிவு வளர வளரப் பழையவை ஒவ்வொன்றாக அழிந்து இடம் விடும்படி அமைத்தேன். அந்தக் குப்பை இனி யாருக்கு வேண்டும்?

பாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் தொடாதே, கேபிளை ஆட்டாதே, டிவியை வேண்டுமானால் அணை, கேபிள் பெட்டியை அணைக்காதே.

"தெர்தும்க்கா. நாலு வாட்டி சொல்ட்ட," என்றான்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. அங்கே பிற்பகல், இங்கே இருட்டிவிட்டது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருக்கும் பெட்டி இணைப்பில் இருக்கிறது என்பதற்குத் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. பதிவு தொடங்கிவிட்டது. விழா மேடை தெரிந்தது. யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்தினார். மேடை ஓரத்தில், கழுத்தில் துண்டோடு, மைக்கைப் பிடித்தபடி அப்பா. யாழினியைக் கூப்பிட்டேன். வந்து பின்னால் நின்றாள்.

அப்போது ஒரு அறிவிப்பு வந்தது. மின்சாரம் இல்லை, யுபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது.

கரண்ட் கட். ஊரில் இது சகஜம், வந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மேடையில் இன்னொருவருக்குப் பொன்னாடை. அவர் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். நம் ஊரில் இரண்டு வார்த்தை என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பேட்டரியின் அளவு திரையில் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கை அப்பாவிடம் கொடுங்கள், கொடுங்கள் என்று நான் தமிழில் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒருவர், தனக்குப் பேச வாய்ப்பளித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். யாழினி என் தோளைப் பிடித்தாள்.

பாபுவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் பாபு. ஒருவழியாக எடுத்தான், பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"டேய், அங்க கரண்ட் எப்படா போச்சு?"

"இன்னாக்கா சொல்ற? கரண்டு கீதே. ஊரு ஃபுல்லா கீது."

"அப்ப நம்ம வீட்ல?"

அவன் அம்மாவைத் தேடிப்பிடிக்க நேரமாயிற்று. போன் அம்மாவின் கைக்குப் போனது.

"அம்மா, மெயின ஆஃப் பண்ணியா?"

"ஆமாம்மே. இவங்க முன்னாடியே போய்ட்டாங்க, நா கடசியா வூட்ட பூட்டிகினு ஆட்டோல வந்தேன். ஆஃப் பண்ணாம வருவாங்களா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். பெற்றவளிடம் பேசுகிற பேச்சில்லை. பாபு போனைப் பிடுங்கி, "நீ கத்தாத, நா போய் போட்டுட்டு வரேன்," என்று பைக்கை எடுத்தான்.

புள்ளி சாம்பல் நிறமானது. அது அணையும்போது மேடையில் மூன்றாவது ஆள் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தட்டில் போட்ட சோறு காய்ந்தது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாபு கூப்பிட்டான், மூச்சு வாங்கியது.

"அக்கா, வூட்டாண்ட வந்துட்டேன். பூட்டிக்கீது. சாவி அம்மா இடுப்புல."

மறுபடியும் மைதானத்துக்கு ஓடினான், சாவியை வாங்கினான், விழாக் கூட்டத்தில் பைக்கை உருட்டிக்கொண்டே மறுபடியும் வீட்டுக்கு. பச்சைப் புள்ளி திரும்பி வந்தபோது திரையில் வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மைக் வேறொருவர் கையில் இருந்தது.

6

கடைசி வர்ணனையை நான் கேட்கவில்லை. அதைவிடக் கொடுமை, பாபுவும் கேட்கவில்லை. வருஷா வருஷம் தவறாமல் முன்வரிசையில் நின்றவனைக் கடைசி ஆட்டத்தன்று ரோட்டில் ஓடவிட்டது நான்தான்.

கேட்டது அம்மா மட்டும். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்க அழைத்தபோது சொன்னாள்.

"பாதியிலயே தொண்ட அடச்சிகிச்சிமே. காத்துதான் வர்து. ஜனம் விசிலடிக்கறத நிறுத்திட்டு கம்முனு கேட்டுச்சி. கடசியா அந்த ரைட்ட சொல்ல சொல்லோ சத்தமே வரல. எல்லாரும் சேந்து சொன்னாங்க."

அப்புறம், "நா ஆஃப் பண்ணியிருக்கக் கூடாது இல்ல?" என்று கேட்டாள்.

பரவாயில்லைம்மா என்றேன். பரவாயில்லை என்பது பொய். எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது, அந்தக் கோபத்தின் மேல் வெட்கமும் இருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. வீடியோ காலில் அப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பேசுவதற்கு வாயைத் திறந்து, ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார். ஏதாவது வேண்டும் என்றால் கட்டில் கம்பியைக் காசால் தட்டுவதாக பாபு சொன்னான். பஸ்ஸில் தட்டுவது போலவே. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம்.

எனக்கு இன்னும் பயண அனுமதி வரவில்லை.

7

பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு முறை திறந்து பார்த்தபோது, பழைய பதிவுகளின் வரிசை ஏறக்குறைய அப்படியே இருந்தது. புதிய பதிவு வளர்ந்தால் அல்லவா அவை அழியும்? மெயின் அணைந்ததால் புதியது வளரவே இல்லை. முதல் ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தன.

மற்றவை எல்லாம் ஜனவரியிலிருந்து பதிவானவை. தொடர்க்காரியின் படமும் எங்கள் கூடத்துச் சத்தமும்.

யாழினியும் நானும் சோபாவில் உட்கார்ந்து ஒன்றை ஓட்டினோம். மாமியார் புருவத்தை உயர்த்துகிறாள், கேமரா மூன்று முறை அவள் முகத்துக்குப் பாய்கிறது. கரகரப்பு அதிகம் ஏறாத, எனக்குத் தெரிந்த அந்தக் குரல் கேட்டது.

"மாமியா ரைடு வருதுமே. பாரு, பாரு, கோட்டத் தாண்டிச்சு. மருமவ படிலயே நிக்குது. உள்ள போ கண்ணு, உள்ள எடம் கீது."

"சும்மா இருய்யா, கேக்க வுடு." இது அம்மா.

"கால வாரிச்சு. மாமியா அவுட்டு. டெப்போவுக்குப் போச்சு வண்டி. எறங்கு, எறங்கு."

"யோவ்." அம்மா சிரித்துவிட்டாள். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு நாள் விடவில்லை மனிதர். ஒவ்வொரு பதிவிலும் வர்ணனை. நடுவில் இருமல், காபி கேட்பது, மின்சார பில்லைப் பற்றிய முனகல், செல்வி போன் பண்ணாளா என்ற கேள்வி. செல்வி நான்தான். ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் அதைக் கேட்டிருக்கிறார். தொடர் முடிந்து எழுத்துகள் ஓடும்போது, ஒவ்வொரு நாளும், "போலாம் ரைட்." உடனே டிவியை அணைக்கும் ஓசை.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்று போடு என்றாள். அவளுக்குப் பாதிக்கு மேல் புரியாது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி என்னிடம் அர்த்தம் கேட்டாள். டெப்போ என்றால் என்ன என்று விளக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீடியோ காலில், வீடு திரும்பிக் கூடத்துக் கட்டிலில் இருந்த அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினோம். முதலில் அவருக்கு என்னவென்று பிடிபடவில்லை. தன் குரல் என்று தெரிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தவறு செய்துவிட்டேன் என்று பயந்து நிறுத்தப் போனேன். துண்டை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு. காசை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார்.

"போலாம் ரைட்," என்றாள் யாழினி. ர வரவேண்டிய இடத்தில் என்னவோ வந்தது. யாரும் திருத்தவில்லை.

அம்மா மட்டும் சிரிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுரு கொரலு இதுக்குள்ளதான் கீதா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "ஆஃப் பண்ணா போய்டுமா?" போகாது, அப்படியே இருக்கும், இங்கேயும் ஒரு பிரதி எடுத்துவிட்டேன் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

சோதனைக்காக அப்பாவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போகும் நாள் நேற்று. மதியம் வேலை செய்கிற இடத்திலிருந்து போன் செய்தேன். கிளம்பிவிட்டார்கள், மதுராந்தகம் தாண்டிவிட்டது வண்டி. பாபு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும்தான் போகிறோம், வீடு பூட்டியிருக்கிறது என்றான். சரி, பார்த்துப் போங்கள் என்று வைத்துவிட்டேன்.

எதற்கென்று தெரியாமல் லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.